யாரும் கூடாத கோட்டை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர். வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னலோர சீட் கிடைத்திருந்தால் மரக்காணத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கட்டம் கட்டமாக உப்புப் பாத்திகள், நடுநடுவே வரப்பு, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். சில குவியல்களை ஓலை போட்டு மூடி வைத்திருப்பார்கள். "அட!" என்று எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். நம்மில் பெரும்பாலோருக்கு மரக்காணம் என்றால் அந்த ஐந்து நிமிடம்தான்.

நான் சொல்ல வந்தது உப்பைப் பற்றி அல்ல (கொஞ்சம் உப்பும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்). இந்தக் கடற்கரையில் பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்துக்குள் இரண்டு பழைய இடங்கள் இருக்கின்றன. ஒன்று மரக்காணம் ஊருக்குள் இருக்கும் பூமீஸ்வரர் கோயில். இன்னொன்று வடக்கே கடப்பாக்கத்தில் கழிமுகத்தை ஒட்டி நிற்கும் ஆலம்பரைக் கோட்டை. கோயிலுக்கு வயது ஆயிரம். கோட்டைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கிழவர் நன்றாக நிமிர்ந்து நிற்கிறார், பேரன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். ஏன் இப்படி? இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன் மீது பாடப்பட்டது. பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழி சொல்லும்போது, கடற்கரையில் எயிற்பட்டினம் என்று ஓர் ஊர் வருகிறது. எயில் என்றால் மதில். அந்த எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. நல்லியக்கோடனின் தலைநகரம் கிடங்கில், அதாவது திண்டிவனத்தில் இருக்கிற கிடங்கல். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? ஆலம்பரைக் கோட்டை இருக்கும் கடப்பாக்கம் இன்றைக்கும் 'இடைக்கழிநாடு' பேரூராட்சியில்தான் சேர்த்தி! சங்கப் புலவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஊர்ப் பெயர் இன்று பேரூராட்சி அலுவலகத்தின் போர்டில் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சோழர் காலத்துக்கு வந்தால், உப்பு காய்ச்சிய முக்கியமான இடங்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிற பட்டியலில் கன்னியாகுமரியோடு மரக்காணமும் வரும். பூமீஸ்வரர் கோயில் அந்தக் காலத்துக் கற்றளி. சுவரைச் சுற்றி வந்தால் கல்வெட்டு எழுத்துகள் வரிசை வரிசையாக ஓடும். எனக்குப் படிக்கத் தெரியாது, தடவித்தான் பார்த்தேன்.

ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். சிவபூஜை செய்யாமல் சாப்பிடாத வணிகர் ஒருவர் இந்தப் பக்கம் வந்தாராம். கும்பிட லிங்கம் கிடைக்கவில்லை. கையில் இருந்த மரக்காலைக் கவிழ்த்து வைத்து, அதையே லிங்கமாக நினைத்துப் பூஜை செய்தார். முடித்துவிட்டு எடுக்கப் போனால் மரக்கால் லிங்கமாகவே மாறிவிட்டது. "மரக்கால் காணோம், மரக்கால் காணோம்" என்று அவர் கத்தியதுதான் மரக்காணம் ஆனதாம். பெயர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் காமர்ஸ் படிக்கிற எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்திருக்கிறது. அளக்கிற படியே சாமியான ஊர் வேறு எங்கே இருக்கிறது? உப்பும் நெல்லும் அளந்து விற்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மாசி மகத்தன்று மரக்காணம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் கடலுக்கு வரும். டிராக்டர், மினி லாரி, தோளில் சுமக்கிற பல்லக்கு என்று வண்டி எதுவாக இருந்தாலும் மேலே பூ அலங்காரம், பின்னாலேயே மேளம். தீர்த்தவாரி முடிந்ததும் ஜனங்கள் துணியோடு கடலில் இறங்கி முழுக்குப் போடுவார்கள். ஒரு பக்கம் திதி கொடுக்கிறவர்கள், இன்னொரு பக்கம் வளையல் கடை, பொரி உருண்டை, பஞ்சு மிட்டாய். புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கும். மயிலம் முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர், செஞ்சி ரங்கநாதர், திண்டிவனம் லட்சுமி நரசிம்மர் என்று உள்நாட்டுச் சாமிகள் எல்லாம் கிளம்பிக் கடலுக்கு வந்துவிடுவார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாமி வருவதற்கு முன்னால் ஊரில் எத்தனை வேலை நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கோயிலுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். வாகனத்துக்கு ஆணி, கயிறு பார்க்க வேண்டும். வழியில் முள் வெட்ட வேண்டும். பந்தல்காரனுக்கு அட்வான்ஸ், மேளத்துக்கு வெற்றிலை பாக்கு, வசூல் நோட்டில் யார் தந்தார், யார் இன்னும் தரவில்லை என்ற கணக்கு. அந்த ஒரு நாளுக்காக ஊர் தன் பழைய கட்டடத்தை வருஷா வருஷம் ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுகிறது. எங்கே ஒழுகுகிறது, எங்கே செடி முளைத்திருக்கிறது, எந்தக் கல் ஆடுகிறது என்று யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். திருவிழா என்பது பக்தி மட்டும் இல்லை. அது ஒரு வருடாந்திர தணிக்கை! (தணிக்கையாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இப்போது ஆலம்பரைக்குப் போவோம்.

கடப்பாக்கம் ஸ்டாப்பில் இறங்கிக் கிழக்கே போனால் கடல் வருவதற்கு முன்னால் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பெரிய சுவர்கள் தெரியும். முகலாயர் காலத்துக் கோட்டை. 1735 வாக்கில் ஆற்காடு நவாப் தோஸ்த் அலிகான் வசம் இருந்தது. கடலுக்குள் நீண்டிருந்த படகுத்துறையிலிருந்து சரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் ஏற்றுமதி ஆனது. நாணயச்சாலை இருந்தது. ஆலம்பரை வராகன் என்றே ஒரு காசுக்குப் பெயர். 1750ல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் தனக்கு உதவி செய்ததற்காக இந்தக் கோட்டையை துய்ப்ளேக்குக் கொடுத்தார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்கு வடக்கே ஒரு துறைமுகம் கிடைத்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் ஆலம்பரையின் பெயர் வருகிறது.

பத்தே வருஷம். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். அயர் கூட்டின் படை ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டே புதுச்சேரியை நோக்கி வந்தது. அதே வருஷம் ஆலம்பரையும் விழுந்தது. மறுபடி எதிரி கையில் சிக்கினால் உபயோகப்படக் கூடாது என்று இடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததை உப்புக் காற்று தின்றது. 2004 டிசம்பர் 26ல் சுனாமியும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றது.

"பிரிட்டிஷ்காரன் இடித்தான், அதான் இப்படிக் கிடக்கிறது, இதில் என்ன கேள்வி?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இடித்தது 1760ல். அதற்குப் பிறகு 260 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே? அத்தனை காலத்தில் அந்தக் கோட்டைக்குள் போவதற்கு இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அங்கே சாமி இல்லை, சந்தை இல்லை, பொங்கல் வைக்கிற நாள் இல்லை. கட்டியவன் நவாப், வைத்திருந்தவன் பிரெஞ்சுக்காரன், இடித்தவன் இங்கிலீஷ்காரன். மூன்று பேரும் போய்விட்டார்கள். பக்கத்தில் வலை போடுகிறவருக்கும் உப்பு வாருகிறவருக்கும் அது யாரோ விட்டுப் போன வீடு. மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. ஆனால் பலகை காவல் காக்கும், உறவு கொண்டாடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வராமல் இல்லை. நாங்கள் போன அன்றும் வந்திருந்தது. பைக்கில் வருவார்கள், சுவர் மேல் ஏறி நின்று போட்டோ எடுப்பார்கள், படகில் கழிமுகம் வரை ஒரு சுற்று, அவ்வளவுதான். செங்கல்லில் ஆணியால் கீறிய இதயங்கள், அம்புகள், பெயர்கள். மூன்று பேரரசுகள் சண்டை போட்ட கோட்டையில் கடைசியாக ஆட்சி செய்வது யாரோ ஒரு கார்த்திக்கும் பிரியாவும்! வருகிற கூட்டம் வேறு, கூடுகிற கூட்டம் வேறு. மாசி மகத்துக்குக் கூடுகிறவர்கள் அடுத்த வருஷமும் வருவார்கள், அவர்கள் பிள்ளைகளும் வருவார்கள். போட்டோவுக்கு வருகிறவர்கள் அடுத்த வாரம் வேறு ஊர் போய்விடுவார்கள்.

கணக்குப் பதிவியலில் நிலத்துக்குத் தேய்மானம் போட மாட்டோம், கட்டடத்துக்குத்தான் போடுவோம். ஆலம்பரையைப் பார்த்தபோது அது சரிதான் என்று தோன்றியது. ஆனால் பூமீஸ்வரர் கோயிலைப் பார்த்தால், ஆயிரம் வருஷக் கட்டடம் இன்னும் புத்தக மதிப்போடு நிற்கிறதே என்று குழம்புகிறது.

கோயில் என்பதால் உனக்கு வசதியாகப் போய்விட்டது, கோட்டைக்கு யார் தேர் இழுப்பார்கள் என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு வேதாரண்யம் பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன். அதுவும் நம்மைப் போலவே உப்பளக் கடற்கரை. 1930 ஏப்ரல் 13ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய தொண்டர்கள் நடந்தே போய், ஏப்ரல் 30ல் அகஸ்தியம்பள்ளியில் தடையை மீறி உப்பு அள்ளினார்கள். அங்கே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நினைவு ஸ்தூபி, சுற்றிலும் உப்பளம். ஆனால் வருஷா வருஷம் திருச்சியிலிருந்து நினைவு யாத்திரை வருகிறது, ஏப்ரல் 30 அன்று மறுபடி உப்பு அள்ளுகிறார்கள். கோபுரமும் இல்லை, மதிலும் இல்லை, ஒரு தேதி மட்டும் இருக்கிறது. அந்தத் தேதிதான் அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மாமல்லபுரத்தில் இன்னொரு விதம். உலகமே பல்லவர் சிற்பம் பார்க்க வருகிற ஊர், 1984லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அதே ஊரில் மாசி மகத்தை ஒட்டி இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரை மணலில் தங்குவார்கள். குச்சி நட்டுச் சேலையைக் கட்டினால் வீடு ரெடி. பௌர்ணமி விடிகாலையில் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள், கல்யாணம் நிச்சயம் பண்ணுவார்கள், கல்யாணமும் நடக்கும். கடற்கரைக் கோயிலின் டிக்கெட் கவுண்டருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அந்தக் கடற்கரையின் மேல் அவர்களுக்கு ஒரு பாத்தியதை இருக்கிறது, அதை வருஷத்துக்கு ஒருமுறை வந்து புதுப்பித்துக்கொண்டு போகிறார்கள். சுற்றுலாக் கையேட்டில் அதற்கு எப்போதாவது ஒரு வரி கிடைக்கும்.

இதுவரை எழுதியதைப் படித்தால், மக்கள் கூடினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வது போல இருக்கும். அப்படி இல்லை. மரக்காணத்தைப் பற்றி எழுதிவிட்டு 2013ஐச் சொல்லாமல் விட்டால் அது பொய்.

2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு நாளில் பா.ம.க.வும் வன்னியர் சங்கமும் நடத்திய இளைஞர் பெருவிழா. அதற்கு ஈ.சி.ஆர். வழியாக வண்டி வண்டியாக ஆட்கள் போனார்கள். மரக்காணத்தில் அப்படிப் போனவர்களுக்கும் அங்கே குடியிருந்த தலித் மக்களுக்கும் மோதல் ஏற்பட்டது. தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன, பஸ்கள் கொளுத்தப்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. ஈ.சி.ஆர். முடங்கியது. அதற்குப் பிறகு அந்த விழா பல வருஷம் நடக்கவில்லை. 12 வருஷம் கழித்து 2025 மே 11ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் மறுபடி நடந்தது.

பௌர்ணமி, கடற்கரை, பழைய ஊர், கூட்டம். மேலே நான் சிலாகித்த எல்லாம் அதிலும் இருந்தது. ஒன்றுதான் வித்தியாசம். வெளிநாட்டில் ஊர் மக்கள் எல்லோரும் சேர்ந்து நடத்துவதை நாம் தமிழில் 'சமுதாய நிகழ்ச்சி' என்று மொழிபெயர்க்கிறோம். எங்கள் பக்கம் சமுதாயக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினால் அதற்கு அர்த்தமே வேறு, எந்தச் சமுதாயம் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஒரு இடத்தில் கூடுவது எப்படிப்பட்டது என்பதை, அங்கே போகிற வழியில் இருக்கிற வீடுகளைக் கேட்டால் தெரிந்துவிடும். கோயில் திருவிழாக்களிலும் யார் முன்னால் நிற்பது, தேர் எந்தத் தெரு வரைக்கும் போகும் என்ற சண்டைகள் நம் நாட்டில் புதிது இல்லை. பூமீஸ்வரர் கோயிலின் பாதுகாப்புக்குத் திருவிழாதான் காரணம் என்று மேலே பெருமையாக எழுதினேன். தேர் நிற்கிற தெருமுனைக்கு அப்பால் இருக்கிறவரிடம் அதைப் படித்துக் காட்டினால் என்ன சொல்லுவாரோ!

அதனால்தான் ஆலம்பரை எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. யோசித்துப் பாருங்கள். அது எந்தச் சாதிக்கும் சொந்தம் இல்லை, எந்த மதத்துக்கும் சொந்தம் இல்லை. நவாப், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் மூன்று பேருக்கும் இப்போது பாத்தியதை கிடையாது. முதல் மரியாதை என்று அங்கே யாருக்கும் பரிவட்டம் கட்டிப் பழக்கம் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாததால்தான் பாழாகிறது என்று இவ்வளவு நேரம் புலம்பினேன். அதே காரணத்தால்தான் எல்லோரும் புதிதாக ஆரம்பிக்கவும் முடியும்.

நடக்கிற காரியமா என்றால், நடந்திருக்கிறது. மதுரையில் 2010ல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது மலையடிவாரத்து மக்கள் எதிர்த்தார்கள். அந்தச் சமயத்தில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் நண்பர்களோடு ஆரம்பித்த பசுமை நடை, மதுரையைச் சுற்றியிருக்கும் சமணர் மலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக ஜனங்களைக் கூட்டிப் போனது. மலை மேல் உட்கார வைத்துத் தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் கல்வெட்டைப் படித்து விளக்குவார், முடிந்ததும் எல்லோருக்கும் டிபன். (கல்வெட்டும் இட்லியும் சேர்ந்து கிடைத்தால் நான் கூட ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன்.) சென்னையில் 2004ல் எஸ். முத்தையாவும் இன்னும் சிலரும் ஆரம்பித்த மெட்ராஸ் தினம் ஆகஸ்ட் 22ஐ மையமாக வைத்து ஒரு வாரம், சில சமயம் மாதம் முழுக்க நடக்கிறது. யாருக்கு என்ன நடத்தத் தோன்றுகிறதோ அவரவரே நடத்திக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஆலம்பரையைப் பத்து வருஷம் வைத்திருந்த அதே பிரான்ஸ்தான் 1984ல் பழைய கட்டடங்களின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளை ஆரம்பித்தது. செப்டம்பரில் ஒரு வார இறுதி. சாதாரண நாளில் உள்ளே போக முடியாத இடத்துக்குக் கூட அன்றைக்குப் போகலாம். பிறகு அது ஐரோப்பா முழுக்கப் பரவி, 1994லிருந்து இங்கிலாந்திலும் நடக்கிறது. அங்கே உள்ளூர் ஆட்கள்தான் தன்னார்வலர்களாக நின்று இடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். நம் ஊரிலும் ஏப்ரல் 18, நவம்பர் 19 முதல் 25 வரை என்று அரசு அனுசரிக்கிற நாட்கள் உண்டு. கல்லூரியில் கோலப் போட்டி நடக்கும், சான்றிதழ் கொடுப்பார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன்.

ஆலம்பரைக்கு ஒரு நாள் வேண்டும் என்றால் அதைக் கடப்பாக்கத்து மீனவர்களையும் மரக்காணத்து உப்பளத் தொழிலாளிகளையும் விட்டுவிட்டு யோசிக்கவே முடியாது. கழிமுகம் எந்த மாதம் திறக்கும், எந்த மாதம் மணல் அடைக்கும் என்று சொல்ல அவர்களை விட்டால் ஆள் இல்லை. அந்தத் துறையிலிருந்து உப்பு கப்பல் ஏறியது என்று நான் புத்தகத்தில் படிக்கிறேன். அந்த உப்பை இன்றைக்கும் அதே வெயிலில், கால் பாதம் வெடித்து வாருகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் வரலாறு சொல்லிக் கொடுக்கப் போவதாக நினைத்தால் சிரிப்புதான் வரும். பாத்தி எப்படிக் கட்டுவது, தண்ணீரை எத்தனை பாத்தி மாற்றி விட்டால் உப்பு பூக்கும் என்று கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்து அவர்கள் சொல்ல வேண்டும், நாம் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் பாத்தி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்கிறார்கள் என்பதும் அந்த வரலாற்றில்தான் சேர்த்தி. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம்தான் கரை ஏறியது.

மாசி மாதம் பொருத்தமாகப் படுகிறது. உப்பு வார ஆரம்பித்திருப்பார்கள், வெயிலும் இன்னும் மண்டையைப் பிளக்காது, மகத்துக்குக் கடற்கரைக்கு வந்த ஜனங்களுக்குச் சொல்லவும் வசதி.

நாங்கள் நாலு பேர் முடிவு பண்ணியிருக்கிறோம். அடுத்த மாசி மகத்துக்கு அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆலம்பரை. பேனர் கிடையாது, கொடி கிடையாது, எந்தச் சட்டையும் கிடையாது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் சுவரில் கை வைக்கப் போவதில்லை. தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, கீழே கிடக்கிற பாட்டிலையும் பிளாஸ்டிக் கவரையும் மட்டும் பொறுக்குவதாக உத்தேசம். கடப்பாக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அதுக்குள்ள என்னப்பா இருக்கு, வெறும் செங்கல்லு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எங்க தாத்தா அதுக்குள்ளதான் வலை காய வெப்பாரு" என்றார். அவரையும் கூப்பிட்டிருக்கிறோம். வருகிறவர்கள் கோணிப்பையும் குடிக்கத் தண்ணீரும் எடுத்து வாருங்கள், காலை ஏழு மணிக்குக் கடப்பாக்கம் ஸ்டாப்பில் நிற்போம்.